வெயிலில் உடல் எதைக் காக்கிறது: வெப்பநிலையையா, நீரையா?

கேள்வி: இளவேனில்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். உடல் தன் வெப்பநிலையைச் சீராக வைத்துக்கொள்வதையும், தன்னுள் இருக்கும் நீரின் அளவைச் சீராக வைத்துக்கொள்வதையும் நான் படித்த உயிரியல் நூல்கள் தனித்தனி அத்தியாயங்களிலேயே விளக்கின. ஒன்றில் தோலும் வியர்வைச் சுரப்பிகளும் வந்தன. மற்றொன்றில் சிறுநீரகமும் ஹார்மோன்களும் வந்தன. ஆனால் வியர்வையும் உடலின் நீர்தான் என்பதால், ஒன்றைக் காக்கப்போய் மற்றொன்று கெடும் நிலை அடிக்கடி வரத்தானே செய்யும்? கடும் வெயிலில் உடலுழைப்பில் இருப்பவருக்குக் குடிக்க நீர் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது உடல் வியர்வையை நிறுத்தி நீரைக் காப்பாற்றுமா, அல்லது நீர் போனால் போகட்டும் என்று வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்குமா?

இதோடு தொடர்புடைய இன்னொரு ஐயமும் உண்டு. குளிர்ந்த நாட்களில் தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் சிறுநீர் அடிக்கடி வருகிறது. வியர்வையாகப் போகாத நீர் சிறுநீராகப் போகிறது என்று சொல்லிவிடலாம்தான்; ஆனால் குளிரில் வெளியே போய் நின்ற சிறிது நேரத்திலேயே அந்த உந்துதல் வந்துவிடுவதற்கு அது போதுமான விளக்கமாகத் தெரியவில்லை.

எண்பது வயதை நெருங்கும் என் அம்மா, மிகவும் வெப்பமான நாட்களிலும் தாகமே எடுக்கவில்லை என்கிறார். தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும் என்ற அறிவுரையை அவர் விஷயத்தில் நம்பலாமா? ஹார்மோன்களின் பெயர்களை அடுக்குவதைவிட, எது எதனால் நடக்கிறது என்று விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: உடலியல் ஆசிரியர்

வணக்கம். இந்தப் போட்டியில் இருவர் அல்ல, மூவர் இருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெப்பநிலை, நீர் ஆகிய இரண்டோடு ரத்த ஓட்டத்தையும் சேர்த்துக்கொண்டால்தான் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கும்.

வியர்வைக்கு உடல் ஏன் இவ்வளவு நீரைச் செலவழிக்கத் துணிகிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடலிலும் ஏறத்தாழ 100 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த சுமார் 245 கிலோஜூல் போதும். ஆகவே உண்டாகும் வெப்பம் சிறிதும் வெளியேறவில்லை என்றால், ஓய்வில் இருப்பவரின் உடலே மணிக்கு ஒன்றரை டிகிரி சூடேறிவிடும். கடுமையாக உழைக்கும்போது வெப்ப உற்பத்தி எளிதில் ஐந்து மடங்காகும். தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் வேலையாக மாறுவதில்லை, மீதி முழுவதும் வெப்பம்தான். அந்த நிலையில் உடலுக்கு மணிக்கு ஏழு டிகிரி ஏறும் ஆபத்து இருக்கிறது. 37 டிகிரியில் இயங்கும் உடல் 40 டிகிரியைத் தாண்டினாலே மூளையின் செயல்பாடு குலையத் தொடங்கலாம் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுற்றியுள்ள காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை வெப்பம் தானாகவே வெளியே போகும். காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையான 35 டிகிரியை எட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுப்போகிறது. அதற்கு மேல் போனால் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே வரத் தொடங்குகிறது. அப்போது மிஞ்சுவது ஆவியாதல் மட்டுமே. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் முழுமையாக ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அதே ஒரு லிட்டர் நீரை 5 டிகிரி குளிர்ச்சியில் குடித்தால், அது உடல் வெப்பநிலைக்குச் சூடாவதற்கு எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 134 கிலோஜூல்தான். இந்த இரண்டு எண்களையும் என் மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் அருகருகே எழுதிக் காட்டுகிறேன். ஆவியாதலுக்கு ஈடு வேறெதுவும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இப்போது மூன்றாவது ஆளுக்கு வருவோம். உடலின் நடுப்பகுதியில் உண்டாகும் வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவருவது ரத்தம். ஓய்வில், மிதமான தட்பவெப்பத்தில் தோலுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகப் பாயும் ரத்தம், கடும் வெப்பத்தில் 6 முதல் 8 லிட்டர் வரை உயரக்கூடும். வியர்வைச் சுரப்பிகள் தங்களுக்கு வேண்டிய நீரை எடுத்துக்கொள்வதும் அந்த ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்துதான். உழைக்கும் தசைகளும் அதே ரத்தத்தைக் கேட்கின்றன. மூளையோ தன் பங்கு ஒரு நிமிடம் குறைந்தாலும் தாங்காது. மொத்தப் பிளாஸ்மாவே மூன்று லிட்டர் அளவுதான் என்னும்போது, மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்த்தால் ரத்த ஓட்டம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் வியர்வைச் சுரப்பியின் அமைப்பு வியக்க வைக்கிறது. சுரப்பியின் சுருண்ட அடிப்பகுதியில் முதலில் ஊறும் நீர் ஏறக்குறைய பிளாஸ்மா அளவுக்கே உப்பானது. அது மேலே ஏறிவரும் நாளத்தின் சுவர், வழியிலேயே சோடியத்தை உறிஞ்சி உடலுக்குள் திருப்பி அனுப்பிவிடுகிறது. எனவே வெளியே வரும் வியர்வையில் உப்பு குறைவு. உள்ளே தங்கும் பிளாஸ்மாவில் உப்பின் செறிவு கூடுகிறது. அந்தச் செறிவு செல்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. உடலின் மொத்த நீர் சுமார் 42 லிட்டர் என்றால், அதில் 28 லிட்டர் செல்களுக்குள் இருக்கிறது. வியர்வையின் இழப்பை ரத்தம் மட்டும் சுமக்காமல் அந்தப் பெரிய இருப்பும் பகிர்ந்துகொள்வது இப்படித்தான். வெப்பத்துக்குப் பழகாதவர் ஒன்று, இரண்டு வாரங்கள் வெப்பத்தில் உழைத்துப் பழகும்போது, ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனின் துணையோடு வியர்வையின் உப்பு இன்னும் குறைகிறது, பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது, வியர்வையும் முன்னதாகவே தொடங்குகிறது.

குடிக்க நீர் கிடைக்காமல் போனால் என்ன நடக்கும்? உடல் வியர்வையை நிறுத்துவதில்லை. ஆனால் கையை இறுக்கிப் பிடிக்கத் தொடங்குகிறது. ரத்தத்தின் செறிவு கூடக் கூட, வியர்வை தொடங்கும் வெப்பநிலையும் தோலின் ரத்தக் குழாய்கள் விரியும் வெப்பநிலையும் மேல்நோக்கி நகர்கின்றன. உடல் எடையில் ஒவ்வொரு சதவீத நீர் இழப்புக்கும், உழைப்பின்போது உள்வெப்பநிலை கூடுதலாக 0.1 முதல் 0.25 டிகிரி வரை உயர்கிறது. அதாவது கொஞ்சம் சூடேறுவதை ஏற்றுக்கொண்டு கொஞ்சம் நீரை மிச்சப்படுத்துகிறது. ஒட்டகம் இதே உத்தியை வெகுதூரம் கொண்டுபோயிருக்கிறது: நீர் கிடைக்காத கோடையில் அதன் உடல் வெப்பநிலை ஒரே நாளில் 34 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கும். நமக்கு அந்த அளவுக்கு இடம் இல்லை. இழப்பு மேலும் முற்றினால், ரத்த அழுத்தம் விழாமல் இருப்பதற்காகத் தோலுக்குப் போகும் ரத்தத்தையே உடல் குறைத்துவிடுகிறது. அதன் பிறகு வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. ஆகவே கடைசிவரை உடல் விட்டுக்கொடுக்காமல் காப்பது மூளைக்கும் இதயத்துக்கும் போகும் ரத்தத்தைத்தான். அதற்காக வெப்பநிலையைப் பலிகொடுக்கிறது.

மறுமொழி: நீர்த்துளி

குளிரில் சிறுநீர் பற்றிய கேள்விக்கு என் பங்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். மேலே ஆசிரியர் சொன்ன மூன்றாவது ஆள்தான் இதற்கும் காரணம்.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, அதில் 99 சதவீதத்தைத் திரும்ப உள்ளே வாங்கிக்கொள்கின்றன. கடைசி நேரத்தில் எவ்வளவு நீர் திரும்பும் என்பதைத் தீர்மானிப்பது, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வெளியாகும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன். அது வந்து சேர்ந்தால், சேகரிப்பு நாளத்தின் செல்களில் அக்வாபோரின் எனப்படும் நீர்வழிப் புரதங்கள் சவ்வின் மேற்பரப்புக்கு வந்து பொருந்துகின்றன. நீர் அவற்றின் வழியே உள்ளே திரும்புகிறது. ஹார்மோன் குறைந்தால் அவை மீண்டும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகின்றன. நீர் சிறுநீராக வெளியேறுகிறது. இந்தப் புரதங்களைக் கண்டறிந்ததற்காகவே பீட்டர் ஆக்ருக்கு 2003ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

வாசோபிரெசினை ஆட்டிவைப்பது முதன்மையாக ரத்தத்தின் செறிவு. ஒரு கிலோ நீருக்கு 285 முதல் 295 மில்லிஆஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்களின் அளவைச் சொல்லும் அலகு) என்ற குறுகிய வரம்பில் அது நிற்கிறது; ஒன்று, இரண்டு சதவீத மாற்றத்தையே மூளை உணர்ந்துவிடும். ஆனால் ரத்தத்தின் கன அளவும் ஒரு செய்தி அனுப்புகிறது. குளிரில் வெளியே நிற்கும்போது, வெப்பம் வீணாகாமல் இருக்கத் தோலின் ரத்தக் குழாய்கள் உடனே சுருங்குகின்றன. அங்கே இருந்த ரத்தம் மார்பையும் வயிற்றையும் நோக்கித் தள்ளப்படுகிறது. இதயத்தின் மேலறைகள் வழக்கத்தைவிட விரிகின்றன. உடலில் நீர் சிறிதும் கூடவில்லை என்றாலும், அந்த விரிவை ‘ரத்தம் மிகுந்துவிட்டது’ என்றே உடல் எடுத்துக்கொள்கிறது. மேலறைகளிலிருந்து சோடியத்தையும் நீரையும் வெளியேற்றும் ஹார்மோன் சுரக்கிறது, வாசோபிரெசின் குறைகிறது, சிறுநீர்ப்பை நிரம்புகிறது. கழுத்தளவு நீரில் நெடுநேரம் நின்றாலும் இதேதான் நடக்கும். அங்கே நீரின் அழுத்தம் கால்களின் ரத்தத்தை மேலே தள்ளுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய தீமை ஒன்று உண்டு. ரத்தம் நடுவே திரண்டிருப்பதால் தாக உணர்வும் மங்குகிறது. வறண்ட குளிர்காற்றை ஒவ்வொரு மூச்சிலும் ஈரப்படுத்தியே நுரையீரல் அனுப்புகிறது என்பதால் மூச்சின் வழியாகவும் நீர் போய்க்கொண்டிருக்கிறது. குளிரில் நாள் முழுவதும் உழைப்பவர்களுக்கு நீர்ச்சத்து குறைவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆனால் அது குறையத்தான் செய்கிறது.

இளவேனில்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ரத்த ஓட்டத்தை நடுவில் வைத்துப் பார்த்தவுடன் இரண்டு அத்தியாயங்களும் ஒன்றாகிவிட்டன. காய்ச்சலைப் பற்றியும் ஒரு கேள்வி: உடல் சூடாக இருக்கும்போதே குளிர் நடுக்கம் எடுப்பது ஏன்? வெயிலால் உடல் சூடேறியவருக்கும் காய்ச்சல் மாத்திரை உதவுமா? அம்மாவைப் பற்றிய கேள்வியையும் மறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: இரவுப்பணி செவிலி

காய்ச்சலில் உடலின் வெப்பக் கட்டுப்பாடு பழுதாவதில்லை. அது குறிவைக்கும் அளவுதான் மாறுகிறது. தொற்றை எதிர்க்கும் செல்கள் அனுப்பும் செய்தியால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருள் உண்டாகி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியான ஹைப்போதலாமஸ் காக்க வேண்டிய வெப்பநிலையை, எடுத்துக்காட்டாக 39 டிகிரிக்கு, உயர்த்திவிடுகிறது. அப்போது 37 டிகிரியில் இருக்கும் உடல், தன்னைக் குளிர்ந்துபோனதாகவே கருதிக்கொள்கிறது. வார்டில் காய்ச்சல் நோயாளியிடம் போகும்போது நான் நெற்றியோடு பாதத்தையும் தொட்டுப் பார்ப்பது வழக்கம். நெற்றி கொதிக்க, பாதம் சில்லென்று வெளிறியிருந்தால் காய்ச்சல் இன்னும் ஏறப்போகிறது என்று பொருள். தோலின் குழாய்கள் சுருங்கியிருக்கின்றன. பாதமும் சூடாகி, கழுத்தில் வியர்வை அரும்பியிருந்தால் இறங்கத் தொடங்கிவிட்டது.

பாராசிட்டமால் அந்தப் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத்தான் குறைக்கிறது. வெயிலால் சூடேறியவரின் மூளை 37 டிகிரியையே இன்னும் குறிவைத்திருக்கிறது; அவருடைய உடலால் வெப்பத்தை வெளியேற்ற முடியவில்லை, அவ்வளவுதான். எனவே அவருக்கு அந்த மாத்திரை உதவாது. பாதிக்கப்பட்டிருக்கும் கல்லீரலுக்குச் சுமையாகவும் ஆகலாம். உடல் 40 டிகிரிக்கு மேல் சூடேறி, பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். மருத்துவ உதவிக்குச் சொல்லிவிட்டு, அது வந்து சேரும்வரை காத்திராமல் உடனே குளிர்விக்க வேண்டும். குளிர்ந்த நீரில் உடலை அமிழ்த்துவதே மிக வேகமான வழி. இயலாவிட்டால் உடல் முழுவதும் நீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் நீர் ஊற்றக் கூடாது.

உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை, அவர் சொல்வது பொய்யல்ல. அவருக்கு உண்மையாகவே தாகம் தோன்றுவதில்லை. வயது ஏற ஏற, ரத்தத்தின் செறிவு கூடினாலும் தாக உணர்வு முன்புபோல் எழுவதில்லை. சிறுநீரைக் கெட்டிப்படுத்தி நீரைச் சேமிக்கும் திறனும் குறைகிறது. வியர்வை தாமதமாகவும் குறைவாகவும் வருகிறது. வெப்பத்துக்கேற்ப ரத்த ஓட்டத்தைக் கூட்டும் வலிமை இதயத்துக்குக் குறைந்திருக்கும். ஆகவே தாகத்தை நம்பாமல், உணவோடும் மாத்திரையோடும் சேர்த்து நேரம் வைத்துக் கொடுப்பதே நல்லது. ஒரே வேளையில் நிறையக் கொடுப்பதைவிட, கைக்கெட்டும் இடத்தில் சிறிய குவளையை வைத்து அடிக்கடி கொடுத்தால் முதியோர் மறுக்காமல் குடிப்பார்கள். புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது முதியவர்களிடம் சரியான அறிகுறி ஆகாது; அவர்களின் தோல் எப்படியும் தளர்ந்தே இருக்கும். அக்குள் முற்றிலும் வறண்டிருப்பது, நாக்கு உலர்ந்து வரிவரியாக இருப்பது, திடீர்க் குழப்பம், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், சில நாட்களில் எடை குறைவது ஆகியவற்றைக் கவனியுங்கள். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ இருந்து, சிறுநீர் அதிகம் போக மாத்திரை எடுத்துக்கொள்பவர் என்றால், எவ்வளவு நீர் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். வெப்பமான பிற்பகலில் அவருடைய கைகளையும் கால்களையும் ஈரத் துணியால் நனைத்துவிட்டு மின்விசிறியைப் போடுங்கள். அவர் உடல் தர முடியாத வியர்வையின் வேலையை அந்த ஈரம் செய்யும். அதற்காக அவருடைய பிளாஸ்மாவில் ஒரு துளிகூடச் செலவாகாது.

மறுமொழி: நெடுந்தூர ஓட்டம்

செவிலி அவர்கள் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இளம் வயதினர் இதைப் படித்துவிட்டுத் தாகம் இல்லாமலேயே லிட்டர் லிட்டராகக் குடிக்கத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நெடுந்தூர ஓட்டத்தில் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில், நீர் குறைந்து விழுந்தவர்களைவிட நீர் மிகுந்து விழுந்தவர்களைக் கண்டே அதிகம் அஞ்சுகிறேன், ஏனென்றால் உடனிருப்பவர்கள் அவர்களுக்கு மேலும் தண்ணீரைத்தான் கொடுப்பார்கள்.

ஓய்வில் இருக்கும் ஆரோக்கியமான சிறுநீரகம் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான அளவு நீரை வெளியேற்ற வல்லது. ஆனால் நீண்ட உழைப்பின்போது, ரத்தத்தின் செறிவு குறைந்திருந்தாலும் வாசோபிரெசின் அடங்குவதில்லை. குமட்டலும் வலியும் மன அழுத்தமும்கூட அதைத் தூண்டுகின்றன. குடித்த நீர் வெளியேறாமல் தங்கி, ரத்தத்தின் சோடியத்தை நீர்த்துப்போகச் செய்கிறது. லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே சோடியம் போகும்போது நீர் செல்களுக்குள் நுழைகிறது. மண்டையோட்டுக்குள் அடைபட்டிருக்கும் மூளைக்கு வீங்க இடம் கிடையாது. 2002ஆம் ஆண்டின் பாஸ்டன் மாரத்தானில் ஓட்ட முடிவில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இந்த எல்லையிலோ அதற்குக் கீழேயோ இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்தவர்களே அதில் அதிகம் சிக்கினார்கள். ஓடி முடித்தவரின் எடை தொடக்கத்தைவிடக் கூடியிருந்தால் அவருக்கு இனி நீர் வேண்டாம். உடல்நலமுள்ள பெரியவர்களுக்குத் தாகம் நல்ல வழிகாட்டி. குடித்த நீர் குடலைத் தாண்டி ரத்தத்தில் கலக்கும் முன்பே, வாயிலிருந்தும் தொண்டையிலிருந்தும் போகும் செய்தியால் தாகம் தணிவதும் மிகையாகக் குடிக்காமல் இருக்க அமைந்த ஏற்பாடுதான்.

இளவேனில்

அனைவருக்கும் நன்றி. அம்மாவுக்கு நேரம் வைத்துக் கொடுக்கத் தொடங்குகிறேன். அவருடைய மருத்துவரிடமும் அளவைக் கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியரிடம் கடைசியாக ஒன்று கேட்கலாமா? புழுக்கமான நாளில் வியர்வை ஆறாக வழிந்தும் உடல் குளிர்வதில்லையே, அப்போது உடல் நீரைக் காக்க எதையும் செய்வதில்லையா?

மறுமொழி: உடலியல் ஆசிரியர்

வழிந்து சொட்டும் வியர்வை குளிர்ச்சியைத் தருவதில்லை. ஆவியாவது மட்டுமே தரும். சார்லஸ் பிளாக்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1775இல் வெளியிட்ட சோதனைகளில், நீர் கொதிக்கும் வெப்பத்தையும் தாண்டிய வறண்ட காற்று நிறைந்த அறைக்குள் சில நிமிடங்கள் இருந்துவிட்டு நலமாக வெளியே வந்தார். அதே அறையில் வைத்த பாத்திரத்து நீர் திறந்திருந்தவரை கொதிக்கவில்லை. அதன் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்து ஆவியாதலைத் தடுத்த பிறகே கொதித்தது. காற்றின் ஈரம் மிகும்போது நம் தோலுக்கும் அந்தப் படலம் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டினால், நிழலில் நீர் குடித்துக்கொண்டு சும்மா இருப்பவராலும் வெப்பத்தை வெளியேற்ற முடியாது என்பது கோட்பாட்டு எல்லை. இளம் வயதினரை வைத்து நடத்திய ஆய்வுகள், ஈரமான காற்றில் சுமார் 31 டிகிரியிலேயே உள்வெப்பநிலை நிலைகுலைந்து ஏறத் தொடங்குவதைக் காட்டியிருக்கின்றன.

நீரைக் காக்க உடல் எதையும் செய்வதில்லையா என்று கேட்டீர்கள், ஒன்று நடக்கிறது. தோல் மணிக்கணக்கில் நனைந்தே இருந்தால் அதன் மேலடுக்கு நீரை உறிஞ்சி உப்பி, வியர்வை நாளங்களின் வாயை நெருக்குகிறது. வியர்வை படிப்படியாகக் குறைகிறது. ஆவியாகாத வியர்வை குறைவதால் குளிர்ச்சியில் பெரிய இழப்பு இல்லை, நீர் மிச்சமாகிறது. தோலைத் துடைத்து உலர்த்தினால் சுரப்பு மீண்டும் எழும். ஆகவே புழுக்கத்திலிருந்து காற்றோட்டமான, வறண்ட இடத்துக்கு வந்ததும் முதலில் உடலைத் துடைத்து, நனைந்த ஆடையை மாற்றிவிடுவது நல்லது.